ராஜாளி வளர்க்க லைசென்ஸ்: அப்ரென்டிஸ்ல இருந்து ஜெனரல் ஆக என்ன செலவு, ஊருக்கு வந்தா அது செல்லுமா?

ஹோம் லோன், பிஎஃப், டெர்ம் இன்சூரன்ஸ்னு போய்க்கிட்டு இருக்கிற இடத்துல ராஜாளி எங்க இருந்து வந்துச்சுன்னு நினைப்பீங்க. பொழுதுபோக்குக்கு பட்ஜெட் போடுறது பத்தி நம்ம சேனல்ல பேசின வீடியோவுக்கு வந்த ஒரு கேள்விதான் காரணம். கேட்டவர் நம்ம குமரி மாவட்டத்துக்காரர். அமெரிக்காவுல எச்-1பி விசாவுல ஐடி வேலை. அங்க ஃபால்கன்ரிக்கு, அதாவது வல்லூறு, ராஜாளி மாதிரி வேட்டைப் பறவையைப் பழக்கி அதோட சேர்ந்து வேட்டைக்குப் போற கலைக்கு, அப்ரென்டிஸ் லைசென்ஸ் எடுத்திருக்கார். அடுத்த படி ஜெனரல்.

அவர் கேட்டது மூணு விஷயம். ஒண்ணு, அடுத்த படிக்குப் போக மொத்தம் எவ்வளவு ஆகும்? ரெண்டு, அந்த லைசென்ஸ் நாளைக்கு நாகர்கோவிலுக்கு வந்தா செல்லுமா? மூணாவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வச்சது: "அண்ணே, ஊர்ல என் தம்பி வயல் பக்கம் ஒரு வல்லூறு குஞ்சைப் பார்த்து வச்சிருக்கான். டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சிக்கிட்டே அதை வளர்க்கலாம்னு ஆசைப்படுறான். நான் வீடியோ கால்ல சொல்லிக் கொடுக்கலாமா?"

தம்பி விஷயத்துக்குப் பதில் ஒரே வார்த்தை. வேண்டாம். இன்னைக்கே போன் பண்ணி சொல்லிடுங்க. ஏன்னு கீழே விவரமா சொல்றேன். முதல்ல லைசென்ஸ் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவுல மூணு படி: அப்ரென்டிஸ், ஜெனரல், மாஸ்டர். அடிப்படை விதிகளை மத்திய அரசு வகுத்திருக்கு. 2014 ஜனவரியில இருந்து லைசென்ஸ் கொடுக்கிறது மாநிலங்கள்தான். ஹவாய் தவிர மத்த மாநிலங்கள்ல அனுமதி இருக்கு. மாநிலம் மத்திய விதியைவிடக் கறாரா இருக்கலாம், தளர்த்த முடியாது. அதனால நான் கீழே சொல்றதை குறைந்தபட்சம்னு எடுத்துக்கோங்க. உங்க மாநில வனவிலங்குத் துறை அதுக்கு மேலயும் கேட்கலாம். கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதல் படி அப்ரென்டிஸ். குறைந்தபட்ச வயசு 12. எழுத்துத் தேர்வுல 80 சதவீதம் எடுக்கணும். ஜெனரலாவோ மாஸ்டராவோ இருக்கிற ஒருத்தர், "இவரை நான் பார்த்துக்கிறேன்"னு கடிதம் கொடுக்கணும். அவர்தான் ஸ்பான்சர். அவர் ஜெனரல் படியில குறைஞ்சது 2 வருஷ அனுபவம் உள்ளவரா இருக்கணும். பறவை வரதுக்கு முன்னாடியே அதோட கூண்டு அறையையும் சாமான்களையும் அதிகாரி வந்து பார்த்து ஒத்துக்கணும். அப்ரென்டிஸ் கையில ஒரே ஒரு பறவைதான் இருக்கலாம். கேள்வி கேட்டவர் இதெல்லாம் தாண்டிட்டார், அதனால இங்க நிக்க வேண்டாம்.

ஜெனரல் படிக்கு வயசு 16. மத்திய விதியில ரெண்டாவது எழுத்துத் தேர்வு கிடையாது. "அப்போ ஈசிதானே"ன்னு தோணும். இங்கதான் விஷயமே இருக்கு. ஜெனரலோ மாஸ்டரோ ஒருத்தர் எழுத்துல உறுதி கொடுக்கணும்: இவர் குறைஞ்சது 2 வருஷம் அப்ரென்டிஸா இந்தக் கலையைச் செஞ்சிருக்கார், ஒவ்வொரு வருஷமும் குறைஞ்சது 4 மாசம் பறவையைப் பராமரிச்சு, பழக்கி, பறக்க விட்டு, அதோட வேட்டைக்குப் போயிருக்கார்னு. இந்த 2 வருஷத்துக்குப் பதிலா எந்த ஃபால்கன்ரி ஸ்கூல் கோர்ஸையும் காட்ட முடியாது. விதியிலேயே அப்படித்தான் இருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு இது கொஞ்சம் புதுசா இருக்கும். நமக்குப் பழக்கம் என்ன? கோர்ஸ்ல சேரு, ஃபீஸ் கட்டு, சர்டிஃபிகேட் வாங்கு, லிங்க்ட்இன்ல போடு. இங்க காசு கொடுத்துக் குறுக்குவழி போக முடியாது. 5,000 டாலர் கட்டி ஆறு மாசத்துல ஜெனரல் ஆகுற பேக்கேஜ் எதுவும் இல்லை. அப்படி யாராவது விளம்பரம் போட்டா, அந்தப் பயிற்சி பயனுள்ளதா இருக்கலாம், ஆனா 2 வருஷத்துல ஒரு நாளைக்கூட அது குறைக்காது.

அந்த 4 மாசம் கணக்கைப் பாருங்க. பறவை கூண்டுல இருந்தா போதாது. பறக்கணும், வேட்டைக்குப் போகணும். வேட்டை சீசன் பெரும்பாலும் இலையுதிர் காலத்துல தொடங்கி குளிர்காலம் வரை. பல அப்ரென்டிஸ்கள் செய்றது இதுதான்: அந்த வருஷம் பொறிச்சு, கூட்டை விட்டு வெளியே வந்த இளம் பறவையை இலையுதிர் காலத்துல முறைப்படி பிடிக்கிறது, குளிர்காலம் முழுக்க அதோட வேட்டைக்குப் போறது, வசந்த காலத்துல பிடிச்ச இனத்துக்கு ஏத்த இடத்துல திரும்ப விட்டுடறது. இப்படிப் பிடிச்சு விடறதையும் விதி அனுபவமா ஏத்துக்குது. கூட்டுக்குள்ள இருக்கிற குஞ்சை எடுக்க அப்ரென்டிஸுக்கு அனுமதி இல்லை. மனுஷனையே தன் இனம்னு நினைச்சு வளர்ந்த பறவையை வச்சிருக்கவும் அனுமதி இல்லை. கூட்டுல இருந்து குஞ்சு எடுக்கணும்ங்கிற தம்பியோட ஆசை அங்கேயே கூட ஒரு அப்ரென்டிஸுக்கு நடக்காத காரியம்.

இப்போ உங்க லீவு காலண்டரை எடுத்து வச்சிப் பாருங்க. அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஊர்க்காரங்க நாட்டுக்கு வரது எப்போ? கிறிஸ்துமஸ், பொங்கல். டிக்கெட் விலை உச்சத்துல இருக்கும், ஆனாலும் அப்போதான் வருவோம், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம் எல்லாம் தை மாசத்துலதான் வைப்பாங்க. அதாவது வேட்டை சீசனோட நட்ட நடுவுல. ஊருக்கு வர நாள்ல பறவையை யார் பார்த்துக்கிறது? விதி இதுக்கு இடம் கொடுக்குது. லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் உங்க இடத்துலேயே வச்சு, தொடர்ச்சியா 45 நாள் வரை பார்த்துக்கலாம். ஆனா அவர் பறக்க விடக் கூடாது. லைசென்ஸ் உள்ள இன்னொருத்தர்னா, உரிய படிவமும் கையெழுத்துப் போட்ட அனுமதியும் இருந்தா, 120 நாள் வரை.

பறவை பத்திரமா இருக்கும், சரி. ஆனா நீங்க நாகர்கோவில்ல உட்கார்ந்து ரசவடை சாப்பிடுற நாலு வாரம் உங்க 4 மாசத்துல சேராது. அக்டோபர் கடைசியில பறவை கிடைச்சு, பழக்க மூணு நாலு வாரம் போய், டிசம்பர் நடுவுல கிளம்பி ஜனவரி நடுவுல திரும்பினா, சீசன் முடியறதுக்குள்ள மிச்சம் எவ்வளவுன்னு விரல்ல எண்ணிப் பாருங்க. உங்க ஸ்பான்சர் நேர்மையான ஆளா இருந்தா, அந்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவார். அப்படித் தயங்குறவர்கிட்ட கத்துக்கிறதுதான் உங்களுக்கும் நல்லது.

அதனால கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: இந்த ரெண்டு வருஷமும் ஊருக்கு வர லீவை சித்திரை, வைகாசிக்கு மாத்துங்க. மே மாசம் வந்தா மாம்பழமும் கிடைக்கும், பறவையையும் அதுக்குள்ள விட்டிருப்பீங்க. கல்யாணம் வச்சிருக்கிற சித்தி கோவிச்சுக்குவாங்க, அதுக்கு என்னால பட்ஜெட் போட முடியாது.

இப்போ பணக் கணக்கு. லைசென்ஸ் கட்டணம் இந்தக் கதையில சின்ன துண்டு. பெரிய செலவு கூண்டு அறை. மழை, வெயில், நாய், பூனை, மத்த காட்டு விலங்கு எதுவும் உள்ள வராத மாதிரி கட்டணும். அடுத்தது விதி கேட்கிற சாமான்கள்: காலுக்குத் தோல் வார், வெயில் மழை தாங்குற கயிறு, சுழல் கொக்கி, குளிக்கவும் குடிக்கவும் தண்ணித் தொட்டி, 15 கிராம் அல்லது அதுக்கும் நுணுக்கமா எடை காட்டுற தராசு. தராசு ஏன்னு கேட்டா, இந்தக் கலையே எடையிலதான் நிக்குது. வயிறு நிறைஞ்ச பறவை உங்களைத் திரும்பிப் பார்க்காது, மெலிஞ்ச பறவை நோயில விழும். தினமும் எடை போட்டு எழுதணும். நம்ம பாஷையில சொன்னா, தினசரி பேலன்ஸ் ஷீட். விதியில இல்லாட்டியும் கட்டாயம் வேணும்னு எல்லாரும் சொல்றது சிக்னல் கொடுக்கிற டிரான்ஸ்மிட்டர். பறவை கண்ணுக்கு மறைஞ்சா தேடிப் போக அது ஒண்ணுதான் வழி. அப்புறம் தினசரி இறைச்சி, காடை, எலி. பறவை மருத்துவர். வயல்வெளிக்குப் போய் வர பெட்ரோல். மாநில வேட்டை லைசென்ஸ் தனி.

எல்லாரும் மறக்கிற ஒண்ணு இருக்கு: வீடு. வாடகை இடத்துல கூண்டு அறை வச்சா, அதிகாரி முன்கூட்டிச் சொல்லாம வந்து சோதிக்க சம்மதம்னு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அபார்ட்மெண்ட்ல இருக்கிறவருக்கு இது நடக்கிற காரியமா? அதுக்காகத் தனி வீடு வாடகைக்கு எடுத்தா, மாச வாடகையில ஏறுற வித்தியாசத்தையும் இந்தப் பொழுதுபோக்குக் கணக்குலதான் எழுதணும். சில நேரம் மத்த எல்லாச் செலவையும் விட அது பெருசா வந்து நிக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன். தொகை எல்லாம் கணக்குக்காக நானே வச்சது. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க. ஆரம்பச் செலவு 2,000 டாலர். மாசம் 120 டாலர் சாப்பாடு, பெட்ரோல், மருத்துவத்துக்கு ஒதுக்கறது. ரெண்டு வருஷத்துக்கு 120 பெருக்கல் 24, அதாவது 2,880. மொத்தம் 4,880 டாலர். வசந்தத்துல பறவையை விட்டுட்டா மாசச் செலவு பாதிக்கு மேல குறையும், அது போனஸ்னு வச்சிக்கோங்க.

இனி நேரக் கணக்கு. 4 மாசம்னா 120 நாள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்னு வச்சா 180 மணி. ரெண்டு சீசனுக்கு 360 மணி. வாரம் 40 மணி வேலை கணக்குல 9 வாரம். ரெண்டு மாசத்துக்கு மேல முழுநேர வேலை அளவு நேரம், அதுவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டுற குளிர்காலத்துல. ஆஃபீஸ் ஆறு மணி வரைன்னா வார நாள்ல வேட்டைக்கு வெளிச்சமே கிடைக்காது. மேனேஜர்கிட்ட பேசி காலையில சீக்கிரம் லாகின் பண்ணி, மூணு மணிக்கு முடிக்கிற ஏற்பாடு நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிடைக்குமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. 4,880 டாலரை விட இந்த ஒரு சம்மதம் முக்கியம்.

ஒரு சீசன் வீணாப் போனா என்ன ஆகும்? டிசம்பர்ல பறவை பறந்து போச்சு, திரும்ப வரலைன்னு வைங்க. மத்திய விதிப்படி ஒரு வருஷத்துல ரெண்டு பறவை வரை இயற்கையில இருந்து எடுக்கலாம், அதனால இன்னொண்ணு பிடிக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அதைப் பழக்கி முடிக்கிறதுக்குள்ள சீசன் ஓடிடும். மூணாவது வருஷம் போக வேண்டி வந்தா நம்ம மாதிரிக் கணக்குல இன்னும் 1,440 டாலர். அதனால ரெண்டு வருஷ பட்ஜெட்டை மூணு வருஷத்துக்குப் போடுங்க. பறவை வந்தாலும், விட்டாலும், தொலைஞ்சாலும், செத்தாலும் அரசு டேட்டாபேஸ்ல பதிவு பண்ணணும். வாங்கினது, விட்டது எல்லாத்துக்கும் 10 நாள்தான் கெடு. ஐடி ரிட்டர்ன் கடைசி நாள் ராத்திரி போடுற பழக்கம் இருந்தா, இதுல மாத்திக்கோங்க.

இதுல வருமானம் வருமான்னு ஒருத்தர் கண்டிப்பா கேட்பார். இயற்கையில பிடிச்ச பறவையை விற்கவே முடியாது. ஸ்கூல்ல விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தலாம், ஆனா செலவை ஈடு கட்டுற அளவுக்குத்தான் கட்டணம் வாங்கலாம். விமான நிலையம், திராட்சைத் தோட்டத்துல பறவை விரட்டுற தொழில் ஒண்ணு உண்டு, அதுக்குத் தனி அனுமதி, அது மாஸ்டருக்குத்தான். ஜெனரல் ஆனவர் அவர் கீழ வேலை பார்க்கலாம். எச்-1பியில இருக்கிறவருக்கு இது எதுவுமே வேண்டாம். உங்க விசா உங்களை ஸ்பான்சர் பண்ணின கம்பெனி வேலைக்கு மட்டும்தான். சைடு இன்கம்னு இதுல கை வச்சா, ஒரு பறவைக்காக விசாவையே பணயம் வைக்கிற மாதிரி. இது முழுக்க முழுக்கச் செலவு. வருமானம் வரும்னு நினைச்சு இறங்காதீங்க.

வேலை போனா? எச்-1பிக்கு 60 நாள் அவகாசம். அதுக்குள்ள இன்னொரு வேலை, இல்லாட்டி கிளம்பணும். வேற மாநிலத்துல வேலை கிடைச்சு பறவையோட போனா, 30 நாளுக்குள்ள பழைய மாநிலத்துக்கும் புது மாநிலத்துக்கும் தகவல் சொல்லணும். நாட்டுக்கே திரும்பற நிலைமைன்னா பறவையை விடணும், இல்லாட்டி லைசென்ஸ் உள்ள இன்னொருத்தர் பேருக்கு மாத்தணும். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி பேசும்போது நான் ஆறு மாசச் செலவு சொல்வேன். இவருக்கு அதோட ஒரு போன் நம்பரும் வேணும்: "நான் திடீர்னு கிளம்பினா என் பறவையை எடுத்துக்குவீங்களா?"ன்னு முன்னாடியே கேட்டு, சரின்னு சொன்ன ஒருத்தரோட நம்பர்.

திரும்பி வந்தவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. லைசென்ஸ் காலாவதியாகி 5 வருஷத்துக்குள்ள திரும்ப அமெரிக்கா போனா, பழைய ஆதாரத்தைக் காட்டி அதே படியில புதுப்பிக்க வாய்ப்பு இருக்கு. 5 வருஷம் தாண்டிட்டா தேர்வை மறுபடி எழுதி 80 சதவீதம் எடுக்கணும். அதனால ஜெனரல் லைசென்ஸ், தினசரி எடை நோட்டு, ஸ்பான்சர் கடிதம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க. கல்விச் சான்றிதழ் மாதிரி டிஜிலாக்கர்ல தானா வந்து உட்காராது.

ஆனா இந்த லைசென்ஸுக்கு நாகர்கோவில்ல என்ன மதிப்பு? எதுவும் இல்லை. இந்தியாவுல ஃபால்கன்ரிக்குப் படிகளும் இல்லை, பொழுதுபோக்குக்கான லைசென்ஸும் இல்லை. ஒரு காலத்துல இங்க ராஜாக்கள் இதுல கில்லாடிகள். குஜராத்துல பாவ்நகர் அரச குடும்பம் இதுக்குப் பேர் போனது. அந்த பாவ்நகரோட கடைசி மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜிதான் 1948 முதல் 1952 வரை மெட்ராஸ் கவர்னரா இருந்தார். (அப்போ நாம திருவிதாங்கூர் பக்கம். மெட்ராஸோட சேர்ந்தது 1956 நவம்பர் 1.) யுனெஸ்கோவோட கலாசாரப் பாரம்பரியப் பட்டியல்ல ஃபால்கன்ரி 2010ல சேர்ந்தது. அரபு நாடுகள், ஐரோப்பிய நாடுகள், பின்னாடி பாகிஸ்தானும் அதுல உண்டு. இந்தியா அதுல இல்லை. 1972ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்க கதையை முடிச்சு வச்சிடுச்சு.

அந்தச் சட்டத்துல "வேட்டை"ங்கிற வார்த்தைக்குக் கொடுத்திருக்கிற அர்த்தம் ரொம்பப் பெருசு. சுடறது மட்டும் இல்லை. பிடிக்கிறது, கண்ணி வைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றது, கூட்டையோ முட்டையையோ கலைக்கிறது எல்லாமே அதுல வரும். பிரிவு 9 அதைத் தடை செய்யுது. சட்ட விரோதமாப் பிடிச்ச காட்டு விலங்கு பிரிவு 39 படி அரசாங்கச் சொத்து. கல்வி, ஆராய்ச்சி மாதிரி காரணங்களுக்கு மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி கொடுக்க வழி இருக்கு. ஆசைக்கு வளர்க்கிறது அந்தக் காரணங்கள்ல சேராது.

தண்டனை 2023 ஏப்ரல் 1 முதல் கடுமையாச்சு. பொதுவான குற்றத்துக்கு 3 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். முதல் அட்டவணையில இருக்கிற விலங்கு, பறவைன்னா குறைந்தபட்சமே 3 வருஷம், 7 வருஷம் வரை போகலாம், அபராதம் 25,000க்குக் குறையாது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள்ல வாழுற ஷாஹீன் ராஜாளி, உலகத்துலயே வேகமா பாயுற பெரெக்ரின் இனத்தோட நம்ம ஊர் வகை. அது முதல் அட்டவணை. தம்பி பார்த்த வயல்வெளி வல்லூறும் பாதுகாக்கப்பட்ட பறவைதான்.

"ஊர்ல யாரு பார்க்கப் போறா?"ன்னு தம்பி கேட்பார். முன்னாடி அப்படி இருந்திருக்கலாம். இப்போ தம்பியே ரீல்ஸ் போடுவார். கையில வல்லூறு, பின்னாடி வேளிமலை, பாட்டு. லொக்கேஷன், முகம், தேதி எல்லாம் அதுலயே இருக்கும். வழக்குக்கு வேண்டிய ஆதாரத்தை அவரே எடிட் பண்ணி, மியூசிக் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

அபராதத் தொகையை மட்டும் வச்சு இதை எடை போடாதீங்க. சம்பளக்காரக் குடும்பத்துக்கு அடி வேற பக்கம் இருந்து வரும். அரசு வேலைக்குத் தேர்வானதும் போலீஸ் வெரிஃபிகேஷன். அங்க நிலுவையில இருக்கிற வழக்கை எழுதியாகணும். மறைச்சா அது தனிச் சிக்கல். டிஎன்பிஎஸ்சிக்கு மூணு வருஷம் படிச்சு, கோச்சிங்குக்கு அப்பா ரப்பர் பால் வித்துக் காசு கொடுத்து, கடைசியில நியமன ஆணைக்கு முன்னாடி இந்தப் பறவை வந்து நிக்கும். ஏற்கெனவே மத்திய அரசு வேலையில இருக்கிறவர்னா, 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தாலே தானாகவே சஸ்பெண்ட் ஆனதாக் கருதப்படுவார்.

பாஸ்போர்ட்டும் இருக்கு. 1967 பாஸ்போர்ட் சட்டப்படி, இந்தியக் கோர்ட்ல கிரிமினல் வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் மறுக்கலாம். கோர்ட் அனுமதி வாங்கி எடுக்கலாம்தான், ஆனா அதுக்கு வக்கீல், வாய்தா, மாசக்கணக்குல காத்திருப்பு. துபாயில சேர வேண்டிய தேதிக்கு கம்பெனி காத்திருக்காது. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டை நம்பி இருக்கோம். டிஎன்பிஎஸ்சி கிடைக்காட்டி தம்பிக்கும் அடுத்த வழி அதுதானே. அந்த ரெண்டு கதவையும் ஒரே குஞ்சு சாத்திட முடியும்.

நீங்க வீடியோ கால்ல சொல்லிக் கொடுக்கிறது பத்தியும் கேட்டிருந்தீங்க. குற்றத்துக்கு உடந்தைங்கிற கேள்வி உங்க மேலயும் திரும்பலாம். ஊருக்கு வந்து பாஸ்போர்ட் புதுப்பிக்கிற நேரத்துல அது வந்து நிக்கிறதை நினைச்சுப் பாருங்க. அதை விட்டுட்டு, தம்பிக்கு ஒரு நல்ல பைனாகுலர் அனுப்புங்க. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலம். குளிர்காலத்துல வலசைப் பறவைகள் வரும்போது அதைத் துரத்திக்கிட்டு வேட்டைப் பறவைகளும் மேல சுத்தும். காலையில ஒரு மணி நேரம் அங்க நின்னு பார்த்துக் குறிப்பு எழுதினா, பறவை பத்தி அவர் கத்துக்கிறது குறையாது. செலவு பெட்ரோல் மட்டும்.

வளைகுடா நாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க ராஜாளி கௌரவச் சின்னம். யுஏஇயில பறவைக்கே பாஸ்போர்ட் கொடுக்கிறாங்க, அபுதாபியில தனி ஆஸ்பத்திரியே இருக்கு. முதலாளி வீட்டுப் பறவையைப் பார்த்துக்கிற வேலை கிடைச்சா அது நல்ல வேலைதான். அங்க சட்டபூர்வமா இருக்கு என்பதால ஊருக்குக் கொண்டு வரலாம்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. பெரெக்ரின் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியல்ல முதல் வரிசையில இருக்கிற இனம்.

நம்ம வீட்டுத் திண்ணையில தொங்குற பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான், அதையும் சொல்லிடறேன். ஊரெல்லாம் வளர்க்கிறாங்க என்பதால அது அனுமதி ஆகாது. சின்ன பட்ஜிகள், காக்டெயில் போன்றவை வேற கதை, அதை வளர்க்கத் தடை இல்லை. ஆப்ரிக்கன் கிரே மாதிரி சில வெளிநாட்டுக் கிளிகளை வச்சிருந்தா பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும்னு 2024 பிப்ரவரியில விதி வந்திருக்கு. கடைக்காரர் "பில் எல்லாம் வேண்டாம் அண்ணே"ன்னு சொன்னா, அந்தக் கடையில வாங்காதீங்க.

தம்பி ஏற்கெனவே குஞ்சை எடுத்து வீட்டுல வச்சிருந்தா? காத்துல விழுந்து கிடந்தது, காயம்பட்டதுன்னு நல்ல மனசுலயும் எடுத்திருக்கலாம். பிரிவு 39 அதுக்கு ஒரு கெடு வச்சிருக்கு. கையில வந்த 48 மணி நேரத்துக்குள்ள பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ வனத்துறை அதிகாரிக்கோ தகவல் சொல்லி, கேட்டா ஒப்படைக்கணும். மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவில்லதான் இருக்கு. அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு, துணி விரிச்சு, இருட்டா வச்சுக் கொண்டு போகச் சொல்லுங்க. பாலும் சோறும் ஊட்ட வேண்டாம், அது இறைச்சி தின்கிற பறவை. எந்த இடத்துல, எத்தனை மணிக்குக் கிடைச்சதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, நகல்ல பெற்றுக்கொண்டதா கையெழுத்து வாங்கி வைக்கட்டும்.

அடுத்த வீடியோ வெளிநாட்டுல இருந்து திரும்பறவங்களோட பேங்க் அக்கவுண்ட் மாத்துறது பத்தி. சனிக்கிழமை பார்ப்போம், மக்களே.